நிறுத்திவைத்த பெயரை அறிவியுங்கள்: ஒன்றிய சட்ட அமைச்சருக்கு ஒரு திறந்த மடல் (மார்ச் 2023)

மாண்புமிகு ஒன்றிய சட்டத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜூ அவர்களுக்கு,

வணக்கம்.

நீதிபதி பதவிகளுக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவான உச்ச நீதிமன்றக் கொலீஜியம் இம்மாதம், 2023 மார்ச் 21-ஆம் தேதி, நிறைவேற்றிய தீர்மானத்தைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் புதிய பெயர்களைப் பரிந்துரைக்கும் தீர்மானம் அது. அதற்குள்ளேயே ஒரு குறையும் பதிவாகியிருக்கிறது. முன்பே அனுப்பிய பெயர்களை, அதிலும் இரண்டாம் முறை வலியுறுத்திய ஜான் சத்யன் பெயரை, நிறுத்திவைப்பது அவர்களின் பணிமூப்பைக் குலைக்கிறது, பின்னால் வந்தவர்கள் அவர்களை முந்திக்கொள்கிறார்கள், இது மிகுந்த கவலைக்குரியது என்கிறது கொலீஜியம். இந்த நீதிமன்றத்தில் அங்கி போட்டு நிற்கும் ஒருவனாக அதைப் படித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது.

வழக்கறிஞர் ஜான் சத்யன் விவகாரத்தின் பின்னணி உங்களுக்குத் தெரியும். அவரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக்க 2022 பிப்ரவரி 16-இல் முதல் பரிந்துரை. உங்கள் அரசு ஆட்சேபித்தது. இவ்வாண்டு ஜனவரி 17-இல் கொலீஜியம் அவர் பெயரை மீண்டும் வலியுறுத்தியது. அன்றே பரிந்துரைத்த மற்ற சில பெயர்களுக்கு முன்பாக இவருடைய நியமனம் நடக்க வேண்டும் என்றும் சேர்த்தே எழுதியது. பிப்ரவரி 7-ஆம் தேதி அந்த மற்றவர்களில் ஐந்து பேர் பதவியேற்றார்கள். இவர் பெயர் வரவில்லை.

இவர்மீது சொல்லப்பட்ட குறை என்ன? பிரதமரை விமர்சித்த ஓர் இணைய இதழின் கட்டுரையைப் பகிர்ந்தார். 2017-இல் நீட் தேர்வில் தேற முடியாமல் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்டபோது, அரசியல் துரோகம் செய்த கொலை என்று மனம் கொதித்து ஒரு பதிவிட்டார். அந்த ஆண்டு அரியலூர் அனிதாவுக்காகத் தமிழ்நாடே அழுதது. 1,200-க்கு 1,176 மதிப்பெண் வாங்கிய பிள்ளை இறந்துபோனதைப் பார்த்துக் கோபப்படாத வழக்கறிஞர்களைத்தான் நீதிபதிகளாக்க வேண்டும் என்றால், உங்களுக்கு இந்த மாநிலத்தில் ஆள் கிடைப்பது கடினம். இவருக்கு வெளிப்படையான அரசியல் சார்பு எதுவும் இல்லை, நேர்மையில் குறையில்லை என்று உங்கள் உளவுத் துறையே அறிக்கை தந்திருக்கிறது.

பிப்ரவரியில் பதவியேற்ற ஐவரில் ஒருவர் பாரதிய ஜனதா கட்சியின் மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். அவர் இன்று நீதிபதி. அவருடைய நியமனத்தை எதிர்த்த மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அதை நான் மதிக்கிறேன். கட்சியில் இருந்தவர் நல்ல நீதிபதியாக முடியாது என்றும் நான் சொல்லமாட்டேன். 1957-இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சராக இருந்த கிருஷ்ணய்யர், பிறகு எப்படிப்பட்ட நீதிபதியாக விளங்கினார் என்பதை நாடு கண்டது. ஆனால் ஒரு கட்சியின் பொறுப்பில் பகிரங்கமாக இருந்தது தடையில்லை என்றால், இன்னொருவர் ஒரு கட்டுரையைப் பகிர்ந்தது எப்படித் தடையாகும்? ஒரே நீதிமன்றம், ஒரே நாளில் எழுதிய பரிந்துரைகள், இரண்டு அளவுகோல்கள். ஆகவே கேட்கிறேன்: ஜான் சத்யன் நியமனத்தை அறிவியுங்கள். அறிவிக்க முடியாதென்றால், காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள்.

காத்திருப்பது என்றால் என்ன என்பது டெல்லியில் இருப்பவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஜூனியராக இருந்த காலத்தில் என் சீனியரின் பெயர் நீதிபதி பதவிக்குப் போனது. 'பெயர் போயிருக்கிறது' என்று நீதிமன்ற வளாகத்தில் சொல்வார்கள். அந்த மூன்றாவது நாளே அலுவலகம் மாறிவிட்டது. "ஐயா இனி ஜட்ஜ் ஆகிவிடுவார், நம் கேஸை யார் பார்ப்பார்கள்?" என்று கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வக்காலத்தை மாற்றிக்கொண்டு போனார்கள். பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தவர்கள்கூட குமாஸ்தாவிடம் வழக்குக் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சீனியரின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்கள். வந்த புது வழக்குகளை அவரே வேறு இடத்துக்கு அனுப்பினார். நாளை நீதிபதியாகப் போகிறவர் எதிலும் சிக்கிக்கொள்ளக் கூடாதே என்ற தயக்கம். வாயையும் கட்டிக்கொண்டார். கூட்டங்களுக்குப் போகவில்லை, ஒரு கட்டுரை எழுதவில்லை. பதினான்கு மாதங்கள் இப்படி. அலமாரியில் பாதி காலியானது. கடைசிவரை பெயர் வரவில்லை. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை. மறுபடி கட்சிக்காரர்கள் வந்து சேர்வதற்கு அவருக்கு நான்கைந்து ஆண்டுகள் பிடித்தன. அதற்குப் பிறகு எந்த ஜூனியரையும் அவர் 'நீயும் ஒருநாள் ஜட்ஜ் ஆவாய்' என்று வாழ்த்தியதை நான் கேட்கவில்லை.

பெயர் வந்தவருக்கும் தாமதம் நட்டம்தான். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62 வயதில் ஓய்வு. கோப்பு தூங்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பணிக்காலத்திலிருந்து கழிகிறது. இன்று இழக்கும் பணிமூப்பு நாளை யார் தலைமை நீதிபதி ஆவார் என்பது வரை போகும். 2018-இல், உத்தராகண்ட் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே.எம்.ஜோசப் அவர்களை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கும் கோப்பை உங்கள் அரசு திருப்பி அனுப்பி, மீண்டும் வலியுறுத்திய பிறகு நியமித்து, பணிமூப்பில் கீழே இறக்கியது. உத்தராகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்தவர் அவர். அதே ஜோசப் இன்று கொலீஜியத்தில் அமர்ந்து, இன்னொருவரின் பணிமூப்புக்காக உங்களிடம் எழுதுகிறார்.

கோப்புகளின் மேல் அரசு உட்கார்ந்திருப்பதாகச் சொல்லாதீர்கள் என்று கடந்த நவம்பரில் கோபப்பட்டீர்கள். கொலீஜியத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். அது உண்மையும்கூட, நாங்களும் அதைச் சொல்லிவருகிறோம். ஆனால் உங்கள் ஆட்சேபம் என்ன, அதற்குக் கொலீஜியத்தின் பதில் என்ன என்று ஜனவரியில் அவர்கள் வெளிப்படையாக எழுதியதும், உளவு அறிக்கையை வெளியிட்டது கவலைக்குரியது என்றீர்கள். எந்த வெளிச்சத்தைத்தான் கேட்கிறீர்கள்?

உங்களை எதிர்த்து இன்று நீதித்துறையின் சுதந்திரம் பேசும் காங்கிரஸ் கட்சியினருக்கும் இதில் பேச வாய் கிடையாது. 1973-இல் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது அவர்கள் ஆட்சி. அதை நாடாளுமன்றத்தில் நியாயப்படுத்திப் பேசியவர் அன்று ஒன்றிய அமைச்சராக இருந்த நம் தமிழ்நாட்டு மோகன் குமாரமங்கலம். நெருக்கடி நிலையில் ஆள்கொணர்வு வழக்கில் தனியாக நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய எச்.ஆர்.கன்னாவை 1977-இல் தலைமை நீதிபதி ஆக்காமல் ஒதுக்கியதும் அவர்களே. அந்த அநியாயங்களை எதிர்த்துச் சிறை சென்ற தலைவர்களின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று ஆண்டுதோறும், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஜூன் 25-இல் நினைவுகூர்கிறீர்களே, அதனால்தான் உங்களிடம் கேட்கும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆளுங்கட்சியாக இருக்கும்போது ஒரு பேச்சு, எதிர்க்கட்சியாக இருக்கும்போது வேறு பேச்சு. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது நீதிமன்றம். வாய்தா தேதி கேட்டு ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிற வழக்குக் கட்சிக்காரனும்தான்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருள்க. நான் கேட்பது ஒன்றுதான். கொலீஜியம் ஒருமனதாக வலியுறுத்திய பெயரை மூன்று, நான்கு வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜனவரி 17-இலிருந்து எண்ணினால் நான்கு வாரம் பிப்ரவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஜான் சத்யன் அவர்களின் நியமனத்தை, கொலீஜியம் கேட்ட பணிமூப்போடு, தாமதமின்றி அறிவிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்