சிவாவுக்கு, காப்புறுதிப் பங்குகள் பற்றி

வெள்ளவத்தை

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று ஒரு வரி இல்லை, பங்கு விலை மட்டும் இரண்டு பக்கம்! இங்கே எல்லோரும் சுகம். மூத்தவனுக்குக் கோட்டையில் வேலை. காலி வீதி நெரிசலைத் திட்டிக்கொண்டே போய் வருகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போட்ட அட்டவணையில் எல்லாக் காப்புறுதிக் கம்பனிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, பங்கொன்றின் சொத்துப் பெறுமதியைவிட விலை எது அதிகம் குறைந்திருக்கிறதோ அதைத் தெரிவுசெய்திருக்கிறாய். எனக்கு இடிப்பது அங்கேதான். 2011 காப்புறுதிச் சட்டத் திருத்தத்தோடு ஆயுள், பொது (வாகனம், தீ போன்றவை) என்று இரண்டு தொழிலையும் கம்பனிகள் பிரிக்க வேண்டியதாயிற்று. யூனியன் அஷ்யூரன்ஸ் தன் பொதுப் பிரிவின் பெரும்பங்கை ஃபெயார்ஃபெக்ஸ் என்ற வெளிநாட்டுக் கம்பனிக்கு விற்றது, ஜனசக்தி 2018இல் தன் பொதுப் பிரிவை முழுதாக அலியான்ஸுக்கு விற்றது. ஆகவே இவை இன்று ஆயுள் கம்பனிகள். பீப்பிள்ஸ் இன்ஷூரன்ஸ் பொதுக் கம்பனி. செலிங்கோ ஹோல்டிங்ஸின் கீழ் இரண்டும் உண்டு. இவற்றை ஒரே கோலால் அளக்க முடியாது மச்சான்.

ஆயுள் கம்பனியின் காலாண்டு இலாபத்தைப் பார்த்து ஏமாறாதே. ஆயுள் நிதியில் கொடுக்க வேண்டியது போக மிஞ்சும் மிகையை ஆக்சுவரி (அதைக் கணக்கிடும் நிபுணர்) சொன்ன பிறகுதான் பங்குதாரர் பக்கம் மாற்றுவார்கள், பெரும்பாலும் ஆண்டு முடிவில். அதனால் நான்காம் காலாண்டு திடீரென்று வீங்கும். அப்புறம், 2016இல் இடர் அடிப்படையிலான மூலதன முறை (எடுக்கும் இடருக்கேற்ப மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி) வந்ததையொட்டிச் சில கம்பனிகளுக்கு ஒரே தடவையில் பெரிய மிகை கிடைத்தது. அது கட்டுப்படுத்தப்பட்ட ஒதுக்கமாகக் கணக்கில் போய் உட்கார்ந்தது. ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சம்மதிக்காமல் அதிலிருந்து பங்கிலாபம் வராது. உன் அட்டவணையில் ‘மலிவு’ என்று நிற்பவற்றின் ஆண்டறிக்கைக் குறிப்புகளில், அந்த ஒதுக்கம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று முதலில் பார். அதைக் கழித்தால் மலிவு காணாமல் போகலாம்.

பொதுக் கம்பனியில் நான் பார்ப்பது ஒன்றே: இழப்பீடும் செலவும் சேர்ந்து பிரீமியத்தில் எத்தனை வீதம். நூறைத் தாண்டினால் காப்புறுதித் தொழிலில் நட்டம், முதலீட்டு வருமானத்தில்தான் கம்பனி ஓடுகிறது என்று அர்த்தம். 2022 கடைசியில் திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு விற்கும் பத்திரம்) வட்டி முப்பது வீதத்தைத் தாண்டி நின்றபோது சுமாரான கம்பனியும் அழகாகத் தெரிந்தது. வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய பிறகுதான் யார் ஒழுங்காகத் தொழில் செய்கிறார்கள் என்று தெரிகிறது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திறந்ததால் வாகனப் பிரீமியம் கூடும், அது உண்மை. ஆனால் ரூபாய் விழுந்ததோடு ஏறிய உதிரிப்பாக விலையையும் அதே கம்பனிதான் கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால் செலிங்கோவின் வாக்குரிமையற்ற பங்கு. வாக்குரிமைப் பங்கைவிட அது குறைந்த விலைக்குத்தான் கைமாறுவது வழக்கம். வாக்கு இல்லாவிட்டால் நமக்கென்ன, பொதுக்கூட்டத்துக்கு நீயும் நானும் போவது பற்றிஸுக்கும் தேநீருக்கும்தானே. ஒரே குறை, வாங்குவோரும் விற்போரும் குறைவு. மகளின் வீட்டு வேலைக்கு ஒதுக்கிய காசை அதில் போட்டுவிடாதே, அவசரத்துக்கு நல்ல விலைக்கு விற்க முடியாது. வாங்கும்போதும் தரகரிடம் விலை எல்லையைச் சொல்லிவிட்டுக் காத்திரு.

அட்டவணையைத் திருத்தி அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
கணேஷ்