பாறைப் பாதைக்கு எண் போடுங்கள், கேட்டுக்குச் சாவி கொடுங்கள்

தென்னாப்பிரிக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் மலைச்சரிவில் சைக்கிள் பாதைகளை நடத்தும் குழுவினருக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் பாதையில் என் மச்சான் சைக்கிளிலிருந்து விழுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். விபத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதே நீங்கள்தான். அதனால் தேவையானதை மட்டும் இங்கே சொல்கிறேன். ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு "கிடைத்தது, நன்றி" என்று தானாக வரும் பதில்தான் வந்தது. உங்கள் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நார்த்டேலில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்களும் இருக்கிறார்கள். இதையாவது மனிதர் யாராவது படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

கேட்பது இரண்டுதான். பாறைப் பகுதியில் இடத்தைச் சொல்ல எண்கள் வேண்டும். கீழ் கேட்டின் சாவி வார இறுதியிலும் கைக்குக் கிடைக்க வேண்டும்.

பாறைகளை அகற்றுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இறக்கத்துக்காகத்தானே அங்கே வருகிறோம். ஒவ்வொரு கோடை மழையும் மண்ணை அரித்துப் போக, கறுத்த டோலரைட் பாறைகள் இன்னும் கொஞ்சம் வெளியே வந்து நிற்கும். சீட்டை இறக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கை விட்டுக்கொடுத்து, சக்கரத்தை அதன் போக்கில் உருள விட வேண்டும். கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிளும் போகும். பாறையையே பார்த்துக்கொண்டிருந்தால் பாறையில்தான் போய் முட்டும். இதெல்லாம் தெரிந்துதான் போகிறோம். விழலாம் என்பதும் தெரியும். விழுந்தவரைத் தூக்கிவர வழி இருக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

அன்று என் மச்சான் விழுந்தபோது கணுக்கால் இருந்த கோலத்தைப் பார்த்ததுமே நடக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. பள்ளத்தில் போனில் சிக்னல் இல்லை. அவரை இரண்டு பேரிடம் விட்டுவிட்டு நான் மேட்டுக்கு ஏறிப்போய் ஆம்புலன்ஸ் எண்ணான 10177-ஐ அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "எந்த இடத்தில் இருக்கிறீர்கள்?"

என்ன சொல்வது? "இரண்டாவது ஓடையைத் தாண்டி, பெரிய பாறைக்கு முன்னால்" என்றேன். அங்கே எல்லாமே பெரிய பாறைதான். "சீகை மரங்கள் கூட்டமாக நிற்கிற இடம்" என்றேன். அந்தச் சரிவு முழுக்கச் சீகைதான். கூட வந்த தம்பி இன்னொரு போனில் அழைத்து மூன்றாவது ஓடை என்று சொல்லியிருக்கிறான். மழைக்குப் பிறகு புதிதாக ஓடிய தண்ணீரையும் அவன் ஓடையாக எண்ணிவிட்டான். ஒரே ஆளுக்காக இரண்டு விபத்து பதிவாகிவிட்டது.

வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அனுப்பினோம். வரைபடம் அந்தப் புள்ளிக்குப் பக்கத்துச் சாலை எது என்று பார்த்து, ஓட்டுநரைப் பள்ளத்தாக்கின் மறுபக்கத்துக்கு, மரத்தோட்டத்து மண்சாலைக்கு அனுப்பிவிட்டது. கைதட்டினால் கேட்கும் தூரம்தான், ஆனால் நடுவே பள்ளம். அவர் சுற்றி இறங்கிக் கீழ் கேட்டுக்கு வந்தால், அங்கே பூட்டு. சாவி காவலாளியிடம். காவலாளி மதியத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். அலுவலக எண்ணில் பதிவு செய்த குரல், திங்கள் முதல் வெள்ளி வரை அழைக்கச் சொன்னது. திங்கட்கிழமை பார்த்து விழாதது மச்சானின் தப்பு போலிருக்கிறது.

கடைசியில் அதே பாறைகள் மேல், நாலு பேர் ஆள் மாற்றி ஆள் மாற்றி அவரைத் தூக்கி வந்தோம். சைக்கிளில் சில நிமிடத்தில் உருண்டு இறங்குகிற இடம் அது. ஒவ்வொரு படிக்கும் அவர் பல்லைக் கடிப்பது கேட்டது. உண்ணிச்செடி இரண்டு பக்கமும் மண்டிக் கிடந்ததால் இரண்டு பேர் சேர்ந்து நடக்க அகலம் இல்லை. கேட்டுக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஸ்ட்ரெச்சரைக் கம்பிவேலிக்கு மேலாகத்தான் வாங்கினோம்.

இப்போது அவர் காலில் தகடும் ஸ்குரூவும் இருக்கின்றன. உங்களிடமிருந்து வந்தது விபத்துப் படிவத்தின் நகல்.

நம் ஊரைக் கடந்துபோகிற என்3 நெடுஞ்சாலையைப் பாருங்கள். 200 மீட்டருக்கு ஒரு சின்ன நீலப் பலகை, அதில் கிலோமீட்டர் எண். லாரி பழுதாகி நின்றால் ஓட்டுநர் அந்த எண்ணைப் படித்துச் சொல்கிறார், வண்டி நேராக அங்கே வருகிறது. இதே ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம். ஓரிரு கிலோமீட்டர் பாறைப் பகுதிக்கு எத்தனை எண் தேவைப்படும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த எண்கள் போட்ட வரைபடத்தின் ஒரு பிரதி ஆம்புலன்ஸ்காரர்களிடமும் இருக்க வேண்டும். இரும்புக் கம்பம் நட வேண்டாம். மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பாறையிலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதினால் போதும். அதை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது.

பெயிண்ட் வாங்கப் பணமில்லை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கார் நிறுத்துமிடத்தில் "உங்கள் சொந்தப் பொறுப்பில் நுழையவும்" என்று ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் ஆஃப்ரிகான்ஸிலும் மினுமினுக்கும் புதுப் பலகை வைத்திருக்கிறீர்களே. நுழைவுக் கட்டணம் ஏறியது. காப்பிக் கடைக்குக் கூரை வந்தது. பாதைக்கு மட்டும் எதுவும் வரவில்லை. 2013-ல் மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப் இந்த ஊரில் நடந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த கிரெக் மின்னார், பின் டயரில் காற்றுப் போன நிலையிலும் மலையிறக்கப் போட்டியான டவுன்ஹில் பட்டத்தை வென்றார். அந்தப் பெருமையை வைத்து மேடையில் பேசாத ஆள் இங்கே இல்லை. போட்டிக்காரர்களுக்கு வளைவுக்கு வளைவு ஆள் நின்றார்கள். எங்கள் கோயில் தீமிதிக்குக்கூட முதலுதவிக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டணம் கட்டி வருகிறவனுக்கு மட்டும் ஒரு பலகையும் ஒரு பூட்டுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யார் எங்கே வசிக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்து 1950-ல் வந்த குழுப் பகுதிச் சட்டம் எங்கள் பெரியவர்களை ஊரின் ஒரு பக்கத்துக்குத் தள்ளியது. இந்த மலைச்சரிவுகளை அவர்கள் தூரத்திலிருந்துதான் பார்த்தார்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை விடிந்ததும் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அன்றைக்குப் பிறகு, எங்கள் தெருவில் இரண்டு அம்மாமார் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பாறைக்குப் பயந்து அல்ல, அந்தப் பூட்டைக் கேள்விப்பட்டு.

சரி, சூடாகப் பேசிவிட்டேன். உங்களில் பலர் சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்பது தெரியும். மழைக்குப் பிறகு விழுந்த மரங்களை அறுத்துப் பாதையைத் திறந்ததும் நீங்கள்தான். அதற்கு நன்றி. அந்த மரியாதையோடுதான் திரும்பவும் கேட்கிறேன்: பாறைப் பகுதிக்கு எண் போடுங்கள், கீழ் கேட்டுக்கு எண் பூட்டு போட்டு அதன் எண்ணை ஆம்புலன்ஸ் நிலையத்துக்குக் கொடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது.

பெயிண்டும் தூரிகையும் நாங்களே கொண்டுவருகிறோம். வழியில் உண்ணிச்செடியையும் வெட்டித் தருகிறோம். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்குக் கீழ் கேட்டைத் திறந்து வைக்க ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நார்த்டேல் சைக்கிள்காரர்களில் ஒருவன்