குள்ளர் குலக் கதைக்குக் கரிக்கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைக்குள் வாழும் குள்ளர் குலங்களை வைத்துத் தமிழில் ஃபேன்டசி நாவல் எழுத நம் மாவட்டத்து இளைஞர்கள் ஆர்வம் காட்டுகிறார்கள். போரும் புதையலும் நன்றாகவே வருகின்றன. சறுக்குவது, குலங்களுக்குப் பொதுவான வரலாற்றில்தான். "ஒரு காலத்தில் ஏழு குலமும் ஒன்றாயிருந்தன, பிறகு துரோகம் நடந்தது" என்று முதல் அத்தியாயத்தில் ஒரு கிழவர் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த வரலாறு கதையில் ஒரு வேலையும் செய்வதில்லை.

முதலில் வயதுக் கணக்கு. ஆயுள் 250 ஆண்டு, பிள்ளை பெறும் வயது 80 என்று வைத்தால், 800 ஆண்டு வரலாறு என்பது 10 தலைமுறைதான். 150 ஆண்டுக்கு முந்தைய சண்டையை "யாருக்கும் நினைவில்லாத பழங்கதை" என்று எழுதினால் இடிக்கும்; அதில் கைகலந்த பாட்டன் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். குலத்துக்குக் குலம் கதை மாற வேண்டுமானால் சம்பவம் இரண்டு ஆயுளாவது, அதாவது 500 ஆண்டாவது பின்னால் போக வேண்டும். இல்லையென்றால், பார்த்தவர்கள் பொய் சொல்ல ஒரு காரணம் வேண்டும். இது கடினமான வழி. நாவலுக்கு இதுவே நல்லது.

பகைக்கான காரணத்தைத் தொழிலுக்குள்ளேயே தேடலாம். குகைக்குள் உலை மூட்டி, இரும்பைத் தண்ணீராக உருக்கி, அச்சில் ஊற்றி வாள் எடுப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். சுத்த இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். துருத்தி ஊதும் பழைய கரி உலை ஏறத்தாழ 1200 டிகிரியில் வேலை செய்வது. அதில் கிடைப்பது கசடு கலந்த, பஞ்சு போன்ற இரும்புக்கட்டி. சூடு ஆறுவதற்குள் சம்மட்டியால் அடித்துக் கசடை வெளியேற்றிய பிறகே அதை வாளாக நீட்ட முடியும். ஊற்றி வார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் வெண்கலம் இருக்கிறது; 950 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். கோட்டை மணியை அதில் வார்க்கலாம்.

அடுத்தது கரி. மண்மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க ஐந்தாறு கிலோ விறகாவது போகும். மலைக்குள் விறகு ஏது? காற்றும் சிக்கல்தான். மூடிய குகையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும். தாழ்வாக ஒரு வாய், உயரத்தில் ஒரு வாய் இருக்க வேண்டும். உயரவாய்க் குழியின் அடியில் தீ எரிந்தால் சூடான காற்று மேலேறும், கீழ்வாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். நம் மாவட்டத்து உதயகிரிக் கோட்டையில் 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் மேற்பார்வையில் பீரங்கி வார்த்தார்கள். எழுத நினைப்பவர்கள் அந்த மதிலுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தால், உலையும் விறகும் ஆளும் எவ்வளவு இடம் கேட்கும் என்பது பிடிபடும்.

இந்தக் கணக்கைப் போட்டதும் குலங்கள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. தாது வெட்டும் குலம், வெளியே சரிவில் கரி சுடும் குலம், இரும்பு அடிக்கும் குலம். மூன்று போதும், ஏழு வைத்தால் பெயரே மனதில் நிற்காது. ஓர் இரவு காற்றோட்டம் நின்று சுரங்கத்தில் 40 பேர் இறந்தார்கள் என்று வைப்போம். கரிக்காரர்கள் மழைக்குப் பயந்து உயரவாய்க் கதவைச் சாத்தினார்கள் என்று வெட்டுகிறவர்கள் சொல்வார்கள். கதவைத் தொடவே இல்லை, கொடுக்க வேண்டிய இரும்பு வராததால் கரியை நிறுத்தினோம், குழித்தீ அணைந்தது என்று கரிக்காரர்கள் சொல்வார்கள். அடிக்கிறவர்கள் அந்த இரவைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். காற்று நின்ற பிறகும் உலையை அணைக்காதவர்கள் அவர்கள்தான். உண்மையில் நடந்ததை மட்டும் நாவலாசிரியர் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: எந்த ஆண்டு, எந்த வாய், யார் எங்கே நின்றார்கள். அந்தத் தாள் இல்லையென்றால் இருபதாம் அத்தியாயத்தில் கதவு கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விடும்.

குள்ளர் கதைகளின் தாய்வீடான வட ஐரோப்பியப் புராணத்திலும் தொழில்தான் கதையை நகர்த்துகிறது. இடிக்கடவுள் தோரின் சம்மட்டிக்குக் கைப்பிடி குட்டையானது ஏன்? துருத்தி ஊதிய குள்ளனின் கண்ணிமையை ஈ கடித்தது, அவன் ஒரு கணம் கையை எடுத்துவிட்டான். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதி வைத்த கதை இது.

வரலாற்றைச் சொல்லும் முறையோ நம் கோயில் கொடை விழாக்களிலேயே இருக்கிறது. வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார், குடமும் உடுக்கையும் தாளமும் உடன் வரும், பின்பாட்டுக்காரர் அடிக்கு அடி "ஆமா" போடுவார். ஒரே சாமியின் கதை ஊருக்கு ஊர் மாறுவதும் நமக்குப் பழக்கம். மூன்று குலமும் கூடும் விருந்தில், பாட்டு அந்தக் கதவுக்கு வரும்போது ஒரு குலத்தார் மட்டும் "ஆமா" போடாமல் இருக்கட்டும். பத்துப் பக்க விளக்கம் மிச்சம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் இத்தகைய நாவலைத் தொடராக வெளியிட்டால், குலவரிசைப் பட்டியலையும் சுரங்க வரைபடத்தையும் முதல் வாரமே நாவலாசிரியரிடம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். புதிய பாத்திரங்கள் சேரும் வாரங்களில் பட்டியலை மறுபடியும் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு, போன வாரம் வந்தவர் யாருடைய பேரன் என்பது நினைவிருக்காது.

இப்படிக்கு,
ஃபேன்டசி நாவல் வாசகர்கள்,
நாகர்கோவில்.