காதுக்குள் செண்டை

தக்கலை

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே எல்லாரும் சுகம். நீ கொடுத்துவிட்ட சுங்கடி சேலை வந்து சேர்ந்தது. அந்த நிறம் எனக்கு எடுக்காது, நாத்தனாருக்குக் கொடுக்கப் போகிறேன், கோபப்படாதே.

போன வாரம் போனில், ராத்திரி படுத்தால் இடது காதில் மட்டும் 'புஸ் புஸ்' என்று கேட்கிறது, வயசாகிவிட்டது என்று சிரித்தாயே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொன்னால் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதான் எழுதுகிறேன். எட்டீ, எனக்குக் காதில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. மறைத்ததற்கு அப்புறம் திட்டிக்கொள். முன்பே சொல்லியிருந்தால் சபை முழுக்க ஜெபக்குறிப்பு கொடுத்திருப்பாய்.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வலது காதில் மட்டும், தூரத்துக் கோயிலில் செண்டை கொட்டுகிற மாதிரி. நாடி பிடித்துப் பார்த்தால் அதே தாளம், படி ஏறினால் அதுவும் வேகமாகும். பிரஷர் என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். மாமியார் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினார். இன்னொருவர் குறும்பி என்று குடைய வந்தபோது தலையை இழுத்துக்கொண்டேன், பிழைத்தேன். கடைசியில் நாகர்கோவிலில் ஒரு காது டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று துடிக்கிறது, யாரையும் தொட விடாதீங்க" என்றார். குளோமஸ் கட்டி. முழுக்க ரத்தக்குழாய். சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பக்கூடத் தயங்குவார்களாம், ரத்தம் கொட்டும். சி.டி., எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துத்தான் முடிவு. கட்டி என்றதும் இவர் முகம் செத்துவிட்டது. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, மெதுவாகத்தான் வளரும், பெண்களுக்குத்தான் அதிகம் என்றார் டாக்டர். எல்லாம் நமக்குத்தான் வரும்!

இந்த வகைக் கட்டிகளில் சிலது அட்ரினலின் மாதிரி சுரந்து, ஆபரேஷன் நேரத்தில் பிரஷரை ஏற்றிவிடுமாம். அதற்காக 24 மணி நேர மூத்திரத்தைக் கேனில் பிடிக்கச் சொன்னார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட் அம்மா பதநீர் என்று நினைத்து, "அக்கானியா மக்களே?" என்றாள்.

ஆபரேஷன் லேசரில் என்றார்கள். லேசர் என்றால் என்னமோ என்று பயந்திருந்தேன். பச்சை ஒளி, 532 நானோமீட்டர். அந்தப் பச்சையை ரத்தத்தின் சிவப்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். குழாய்கள் சூடாகி உறைந்து, கட்டி சுருங்கும். காதுத் துவாரம் வழியாகவே போய், செவிப்பறையை ஓரமாக மடித்து, மெல்லிய ஃபைபரால் சுட்டுச் சுருக்கி எடுத்துவிட்டார்கள். வெறும் கொக்கி போட்டு இழுத்தால் ரத்தம் பெருகி எதுவும் தெரியாது. பக்கத்திலேயே சத்தத்தை உள்ளே கடத்தும் அங்கவடி எலும்பு, அதன் உயரமே சுமார் 3 மில்லிமீட்டர்தான். முக நரம்பும் அங்கேதான் ஓடுகிறது, சூடு பட்டால் வாய் கோணிவிடும். அதனால் விட்டு விட்டுத்தான் சுடுவார்கள்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது ஒன்றுமில்லை. அந்த அமைதியில் அழுதுவிட்டேன். இப்போதைக்கு ஒரே தொல்லை, நாக்கின் வலது பக்கம் இரும்பு ருசி. சுவை நரம்பு ஒன்று நடுக்காதைக் கடந்துதான் போகிறதாம், நாளாக நாளாகச் சரியாகும் என்கிறார்கள். அதுவரை மரச்சீனியும் சாளைக்கறியும் இடது பக்கம் ஒதுக்கித் தின்கிறேன். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை.

இந்த லேசர் வைத்தியம் நடுக்காதுக்குள் அடங்கிய சின்னக் கட்டிக்குத்தான். கழுத்துக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வரை பரவிவிட்டால் கதை வேறு. முதலில் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்து, பிறகு பெரிய ஆபரேஷன், இல்லையென்றால் கதிர்வீச்சு. விழுங்குவதும் குரலும்கூடக் கெடலாம். உனக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. ரத்தசோகை, தைராய்டு, கழுத்து ரத்தக்குழாய் சுருங்குவது, எதனாலும் இப்படிக் கேட்கலாம். ஆனால் ஒரு காதில் மட்டும், நாடியோடு சேர்ந்து என்றால் பார்த்தே ஆக வேண்டும். இன்று ராத்திரி மணிக்கட்டைப் பிடித்துப் பார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது என்று தள்ளாதே, மதுரையில் இல்லாத காது டாக்டரா? எண்ணெய் மட்டும் ஊற்றாதே.

டாக்டர் சொன்னதை அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு, போனை வலது காதில் வைத்தாலும் எனக்கு நன்றாகக் கேட்கும். லில்லி டீச்சரிடம் மூச்சு விடாதே, என் அடக்கத்துக்கு இப்போதே பஸ் பிடித்துவிடுவாள்.

வசந்தா