மணிக்கணக்கை விடுங்கள், போனை எடுக்க வைத்தது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செல்போன் பழக்கம் பற்றிய உங்கள் கட்டுரை, தினமும் இத்தனை மணி நேரத்தைத் தாண்டினால் அடிமை என்று கோடு போடுகிறது. மருந்தாக மன உறுதியைச் சொல்கிறது. இரண்டுமே சரியில்லை.

2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு உண்டு. 'செல்போன் அடிமை' என்று ஒரு நோய் கிடையாது. கேமிங்குக்கும் அங்கே மணிக்கணக்கு இல்லை. கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற வேலைகள் பின்னுக்குப் போகின்றனவா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

போன் ஏன் இழுக்கிறது என்பதில் ஒரு பகுதி எல்லோருக்கும் பொது. எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால் புறா கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். போன் திரையை விரலால் இழுத்துப் புதுப்பிப்பதும் அதே கொத்தல்தான். ஆனால் போனை எடுப்பதற்கு முந்தைய நொடியில் மனதில் இருப்பது ஆளுக்கு ஆள் வேறு. பரிகாரமும் அங்கேதான் பிரிகிறது.

அதைக் கண்டுபிடிக்க ஏழு நாள் ஒரு காகிதம் போதும். ஒவ்வொரு முறையும் எழுதப் போனால் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவோம். எனவே மூன்று தருணம் மட்டும்: விழித்ததும் எடுப்பது, வேலைக்கு நடுவே முதல்முறை எடுப்பது, படுத்தபின் எடுப்பது. எடுப்பதற்கு முன் இருந்த உணர்வு ஒரு சொல்லில், முதலில் திறந்த செயலி எது, அவ்வளவுதான்.

காகிதத்தில் 'பதற்றம்' அதிகம் வந்து, திறந்தது வாட்ஸ்ஆப் என்றால், அது பொழுதுபோக்கு அல்ல, 'ஒன்றும் ஆகவில்லை' என்ற உறுதியைத் தேடுவது. பதில் வரவில்லையே, கோபமோ என்று பார்க்கிறார். பார்த்ததும் ஐந்து நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் பார்க்க வைக்கிறது. பூட்டிய கதவை மறுபடி மறுபடி இழுத்துப் பார்ப்பவரின் கதையும் இதுவே. இவரிடம் போனைப் பிடுங்கினால் பதற்றம் ஏறும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், போன் அறிவிப்புகளை ஒரு நாளைக்கு மூன்று வேளையாகத் தொகுத்துப் பெற்றவர்களின் மனநிலை மேம்பட்டது. அறிவிப்பே வராமல் செய்தவர்களுக்குப் பதற்றம் கூடியது. ஆகவே சத்தத்தை அணைத்துவிட்டு மூன்று வேளை பார்க்கட்டும். இடையில் உந்துதல் வந்தால் முதலில் 5 நிமிடம், பழகியபின் 10, பிறகு 20 என்று தள்ளிப்போடட்டும். காத்திருக்கும்போது என்ன நடந்துவிடும் என்று பயந்தாரோ அதை ஒரு வரி எழுதி, பின்னர் உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுதட்டும். பத்துப் பதினைந்து வரிகள் சேர்ந்தபின், பயந்தது எத்தனை முறை நடந்தது என்று அவரே எண்ணிப் பார்க்கலாம்.

'அலுப்பு', 'வேலை ஓடவில்லை' என்று வந்தால் சிக்கல் போனில் இல்லை, எதிரே இருக்கும் வேலையில். அதைப் பத்து நிமிடத் துண்டாக நறுக்கி, போனை வேறு அறையில் வைக்க வேண்டும். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. பக்கத்தில் இருந்தாலே கவனம் குறைகிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்தவை எல்லாம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. போகட்டும், எழுந்து நடக்க வேண்டியிருப்பதே ஒரு தடைதான்.

எந்த உணர்வும் இல்லாமல் கை தானாகப் போகிறவர்கள் உண்டு. இவர்களுக்குச் சின்னத் தடைகள் பலிக்கும்: முகப்புத் திரையிலிருந்து செயலியை எடுப்பது, ஒவ்வொரு முறையும் லாக்அவுட் செய்வது, அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணைப்பது.

இரவு தனிக் கதை. பகலெல்லாம் பிறருக்காக ஓடியவர், தனக்கென்று கிடைத்த ஒரே நேரத்தை விட மனமில்லாமல் தூக்கத்திலிருந்து திருடுகிறார். மாலையில் அவருக்கு அரை மணி நேரம் விடுவித்துக் கொடுக்காமல் 'சீக்கிரம் தூங்கு' என்பது வீண் உபதேசம்.

செயலிகளுக்கு நேர வரம்பு வைக்கப் போனில் உள்ள வசதி ஏன் தோற்கிறது? 'இன்னும் 15 நிமிடம்' என்ற பொத்தான் அங்கேயே இருப்பதால். சில நாளில் விரல் படிக்காமலே அழுத்தப் பழகிவிடும். அந்த வரம்புக்கான கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவர் வைத்திருந்தால் ஓரளவு நிற்கும். இன்னொரு சறுக்கல், ஒரு நாள் மீறியதும் 'எல்லாம் போச்சு' என்று முழுவதையும் விட்டுவிடுவது. மீறிய நாளில் அந்தக் காகிதத்தை எடுத்து, எந்த உணர்வில் மீறினோம் என்று குறித்தால் அதுவும் தகவல்தான்.

பிள்ளைகள் விஷயத்தில், பிடுங்குவதற்குமுன் போன் அவர்களுக்கு எதை ஈடுகட்டுகிறது என்று பாருங்கள். பேச ஆளில்லாத பிள்ளைக்கு அதுவே துணையாக இருக்கலாம். சோர்வு, தூக்கக் கேடு, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், போன் பேச்சை ஒதுக்கிவிட்டு, முதலில் அந்த அறிகுறிகளுக்காக மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு, ஒருவர் போனுக்கு அடிமையா என்று பார்க்க நீங்கள் வெளியிட்ட பத்துக் கேள்விப் பட்டியல் வெறும் சல்லடை. அதன் மதிப்பெண்ணை வைத்து யாரையும் நோயாளி என்று சொல்ல முடியாது. இந்தக் குறிப்பை அடுத்த இதழில், பட்டியலை அச்சிட்ட அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
உளநல ஆலோசகர் ஒருவர்