ஒரு மில்லிமீட்டர், ஒரு செங்கல் வரிசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். மாதிரி ரயில் கண்காட்சிப் படங்களை அம்மா உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொன்னாள். "சூப்பர்ப்பா" என்று நீ பதில் போட்டிருந்ததையும் காட்டினாள். அந்தப் படங்களில் மூன்றாவதை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார். சிக்னல் கம்பத்துக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில், தண்டவாளம் பராமரிக்கும் ஆட்கள் ஒதுங்கும் ஒரு சின்ன கேங்மேன் அறை இருக்கும், கதவு பாதி திறந்து. அது நீ பதினொரு வயதில் செய்தது.

இதை ஃபோனில் சொல்ல இரண்டு தடவை ஆரம்பித்தேன், வரவில்லை. அதனால்தான் கடிதம்.

2012-ல் நீ யுனிவர்சிட்டிக்குப் போனாய். அடுத்த வருஷம் மார்ச்சில், பரணில் நாம் இருவரும் போட்ட மாதிரி ரயில் தண்டவாளத்தை முழுக்கப் பெயர்த்தெடுத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோடை லீவுக்கு வந்தபோது நீ ஏணியில் ஏறிப் பார்த்தாய். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாய். இறங்கி வந்து, "அம்மா, டீ இருக்கா?" என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் நீ பரணுக்கு ஏறவே இல்லை. நானும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒன்பது வயதில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆணியையும் நாக்கைக் கடித்துக்கொண்டு நீ அடித்த பாதை அது. கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு.

ஆனால் ஏன் பெயர்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. அதற்குக் காரணம் நீ செய்த அந்த அறைதான்.

பெண்டன் மியூசியத்துக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? லாங் விட்டன்ஹாம் கிராமத்தில். ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலியர் 1925-ல் இங்கிலாந்துக்கு வந்தவர். ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கில் கூரை வேய்ந்த பழைய வீடுகள் கண்முன்னே அழிவதைப் பார்த்து, அவற்றைச் சின்ன அளவிலாவது காப்பாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தவர். அவர் தொடங்கி வைத்ததை இன்றும் பல கைகள் செய்துகொண்டிருக்கின்றன. நீ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்த முட்டைக்கோஸ்களை எண்ணினாய். திரும்பி வரும்போது காரில் பேசவே இல்லை.

அந்த வாரம் சின்னர் ஊர் ரயில் ஸ்டாலில் வாங்கிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய். செங்கல் கட்டின கேங்மேன் அறை. உயரம் எவ்வளவு என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, நீ குண்டூசி முனையை வைத்துச் செங்கல் வரிசைகளை எண்ணிவிட்டாய். கூரை விளிம்பு வரை 28. ஒரு வரிசை, காரையோடு சேர்த்து மூன்று அங்குலம். ஆக ஏழு அடி. நம் அளவில் ஒரு அடிக்கு நாலு மில்லிமீட்டர், அதாவது 28 மில்லிமீட்டர். "அப்பா, ஸ்கேல்ல ஒரு கோடு, சுவத்துல ஒரு வரிசை!" என்று கத்தினாய். எனக்கு அது அதுவரை தோன்றியதில்லை. அதற்கப்புறம் மூன்று வாரம், தினமும் ஹோம்வொர்க் முடித்துவிட்டு, அட்டையில் மில்லிமீட்டருக்கு ஒரு கோடாகக் கீறினாய். ஓடுகளைக் கரண்ட் பில் கவரிலிருந்து வெட்டினாய். கதவை ஏன் பாதி திறந்து ஒட்டுகிறாய் என்று கேட்டேன். உள்ளே யாரோ டீ போடுகிறார்கள் என்றாய்.

நீ அதைக் கொண்டுவந்து பாதையோரம் வைத்தாய். அப்போதுதான் எனக்கு உறுத்தியது. அறை சரியாக இருந்தது. பக்கத்தில் இருந்த பாதை சரியாக இல்லை.

நாம் கடையில் வாங்கிப் போட்டது 16.5 மில்லிமீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. அதன் கதை இது: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்று செய்தார்கள், அதற்கு 16.5 சரியாகப் பொருந்தும். இங்கிலாந்து எஞ்சின்கள் நிஜத்திலேயே உருவத்தில் சின்னவை. அந்தக் காலத்து மோட்டார் அந்த அளவு உடம்புக்குள் அடங்கவில்லை. அதனால் உடம்பை மட்டும் நாலு மில்லிமீட்டருக்குப் பெருக்கினார்கள், பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். நாலு அடி எட்டரை அங்குலம் இருக்க வேண்டிய பாதை, கணக்குப் போட்டால் நாலு அடி ஒன்றரை அங்குலம்தான். ஏழு அங்குலம் குறைகிறது. முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும். நிஜமான அகலம் வேண்டுமென்றால் 18.83 மில்லிமீட்டர் வேண்டும். வித்தியாசம் 2.33. பதினொரு வயதுப் பிள்ளை ஒரு மில்லிமீட்டர் செங்கல் வரிசையை விட்டுக்கொடுக்காமல் கீறியிருக்கிறாள், அதற்குப் பக்கத்தில் நான் 2.33 மில்லிமீட்டர் பொய்யோடு எப்படி ரயில் ஓட்டுவது?

ஏழு எட்டு வருஷம் இதை மனதில் வைத்திருந்தேன். நீ வீட்டில் இருந்தவரை பெயர்க்க மனம் வரவில்லை. நீ போனதும் கை சும்மா இருக்கவில்லை. இதில் இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வீடு, மரம், மனிதர், வண்டி உடம்பு எல்லாம் அதே நாலு மில்லிமீட்டர் கணக்குதான். கேஜ் மாறினாலும் அவை மாறுவதில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய பாதை போயிற்று. நீ செய்தது அப்படியே இருக்கிறது.

18.83-க்கு அப்போது கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் கையால் செய்தேன். ஒட்டுப்பலகையில் வெட்டிய ஸ்லீப்பர், அதன்மேல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் சேர், சேரில் நுழையும் நிக்கல் சில்வர் தண்டவாளம். கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் சேரில் இரண்டு போல்ட்தான், மற்ற கம்பெனிகள் பலவற்றில் மூன்று. அந்த இரண்டு போல்ட் தலையும் மணலை விடச் சின்னதாகத் தெரியும், ஆனால் தெரியும். முதல் பாயிண்ட்டுக்கு நாலு மாதம் ஆனது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராஸிங்கின் மூக்கை அரத்தால் தீட்டி, இரண்டு துண்டையும் சேர்த்து சாலிடர் வைத்து, சக்கர விளிம்பு போக 0.68 மில்லிமீட்டர் சந்து விட வேண்டும். மூன்றைக் குப்பையில் போட்டேன். நாலாவதில் ஒற்றை வேகன் ஒன்றை விரலால் தள்ளிவிட்டேன். சத்தமே இல்லாமல் போயிற்று. பழைய பாதையில் ஒவ்வொரு கிராஸிங்கிலும் டக்கென்று சக்கரம் விழுந்து எழும், உனக்குத் தெரியும். இது வழுக்கிக்கொண்டு போயிற்று.

உன் தாத்தா மானாமதுரையில் பாயிண்ட்ஸ்மேன். லீவரைத் தள்ளிய பிறகும் குனிந்து, நகரும் நாக்குத் தண்டவாளம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு பாயிண்ட்டையும் அப்படித்தான் பார்க்கிறேன். அவர் வேலை பார்த்த மீட்டர் கேஜ் நம் அளவில் 13.12 மில்லிமீட்டர் வரும். என்றாவது ஒரு சின்னப் பலகையில் அதையும் போட ஆசை.

சக்கர விளிம்பு அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாததால், நாலு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாலு கால் நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது இல்லையா? அதே வித்தைதான். ஒரு அச்சை இறுக்கிவிட்டு, இன்னொன்றை நடுவில் ஒரு கம்பியின்மேல் ஊஞ்சல் மாதிரி விடுவது. இருபத்திரண்டு வேகனுக்கும் இதைச் செய்தேன்.

ஸ்டேஷன் எது என்று நீ கேட்கவில்லை. பென்சன். அப்படி ஒரு ஸ்டேஷன் கிடையாது, ஆனால் வந்திருக்க வேண்டியது. 1864-ல் அனுமதி வாங்கிய கம்பெனியின் பெயரிலேயே வாலிங்ஃபோர்ட், வாட்லிங்டன் இரண்டு ஊரும் உண்டு. 1866-ல் வாலிங்ஃபோர்ட் வரை வந்தது, அதோடு நின்றுவிட்டது. வாட்லிங்டனுக்கு 1872-ல் மறுபக்கம் பிரின்சஸ் ரிஸ்பரோவிலிருந்து வேறு கம்பெனி பாதை போட்டது. சின்னரில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கரி விழுந்த கண்ணோடு வந்தாயே, அந்தப் பாதை. நடுவில் இருந்த இடைவெளியை யாரும் நிரப்பவில்லை. அந்த இடைவெளியில் இருக்கும் கிராமம்தான் பென்சன். வாட்லிங்டன் பயணிகள் ரயில் 1957-ல் நின்றது. நம் ஸ்டேஷனில் அதற்கு முந்தின கோடைக்காலம்.

இனி கண்காட்சி. நாலு பலகை, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர், வாடகை வேனில் போர்வை சுற்றிக் கொண்டுபோனோம். பள்ளிக்கூட ஹால். அம்மா மேஜைவிரிப்பு தைத்துக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவு திறந்தார்கள். பத்தே காலுக்கு முதல் ரயில் தடம் புரண்டது. எடுத்து வைத்தேன். அடுத்ததும் அதே இடத்தில் புரண்டது. இரண்டாவது, மூன்றாவது பலகைகள் சேரும் ஜாயிண்ட். ஹாலில் ஹீட்டர் ஓடி மரம் காய்ந்து, ஒரு பக்கத் தண்டவாளம் கால் மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தால் தடவினால் தட்டியது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் சாலிடரிங் அயர்னை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மதியம் வரை பாதி ஸ்டேஷனில் மட்டும் வண்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பத்து வருஷ வேலை, பாப்பா. வயிற்றைப் பிசைந்தது.

சாயங்காலம் கதவு மூடினதும் ஜாயிண்ட்டில் இருந்த பித்தளைத் திருகுத் தலையைச் சூடாக்கி, தண்டவாளத்தை விடுவித்து, கேஜ் அளக்கும் கருவியை வைத்து மறுபடி ஒட்டினேன். அம்மா டார்ச் பிடித்தாள். ராத்திரி ஹோட்டலில் எல்லா வேகனின் சக்கர இடைவெளியையும் பார்த்தேன். இரண்டு மட்டும் பிசகியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவைகூடப் புரளவில்லை. பன்னியர் டாங்க் என்ற நீராவி எஞ்சின் இரண்டு பெட்டியோடு, நிஜ ரயிலின் மணிக்கு 20 மைல் கணக்கில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாற்பது வினாடியில் வந்தது. அந்த நாற்பது வினாடியை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிற்பகலில் ஒரு சிறுமி வந்தாள், எட்டு வயது இருக்கும். வேகன்களை நாங்கள் நிஜம்போல மூன்று வளையச் சங்கிலியால்தான் இணைக்கிறோம். டார்ச் கட்டிய மெல்லிய கம்பிக் கொக்கியால் வளையத்தைத் தூக்கி மாட்ட வேண்டும். என் கை இப்போது முன்போல் நிற்பதில்லை. நாலாவது தடவையும் வளையம் நழுவியதை அவள் பார்த்தாள். நான் கொக்கியை அவளிடம் நீட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் தடவையிலேயே மாட்டிவிட்டாள்.

மூடுகிற நேரத்தில் இன்னொருவர் வந்தார். நாற்பது வருஷமாக இந்த அளவில் செய்பவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. பாதையைப் பார்த்தார், பாயிண்ட்டைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கேங்மேன் அறையின் பக்கம் குனிந்தார். ரொம்ப நேரம். அந்த அறை யார் கைவேலை என்று கேட்டார். என் மகளுடையது என்றேன். உங்கள் மகள் இன்னும் என்னென்ன செய்திருக்கிறார் என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அக்டோபரில் அடுத்த கண்காட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரக்கு முற்றத்தில், நிலக்கரிக் குவியலுக்குப் பக்கத்தில், கரி வியாபாரியின் சின்ன ஆபீஸ் ஒன்று வர வேண்டும். அதற்கு 44-க்கு 36 மில்லிமீட்டர் இடத்தைப் புல் ஒட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை, வான்கூவரில் உனக்கு எவ்வளவு வேலை என்று தெரியும். இந்தக் கவரில் அதன் பழைய படம் ஒன்றை வைத்திருக்கிறேன். செங்கல் வரிசை தெளிவாகத் தெரிகிறது. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்புடன்,
அப்பா