உன் வீட்டு ஸ்டாப்பருக்காக எழுதுகிறேன்

வெஸ்தெரோஸ், ஸ்வீடன்

அன்புள்ள மக்கா,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. இத்தனை மாசம் வாயே திறக்காதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே விழுந்து கத்த ஆரம்பித்துவிடுவாய். எட்டாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேனே. கடிதமாக இருந்தால் கடைசிவரை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே எல்லாரும் சுகம். மைனியைக் கேட்டதாகச் சொல். அம்மையின் முட்டுவலிக்கு எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டிருக்காமல் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. பி.டி. சாரைப் பார்த்தால் அந்த விசில் இன்னும் இருக்கிறதா என்று கேள்.

விஷயத்துக்கு வருகிறேன். கால்பந்து செமி ஃபைனலில் பந்து உன் பயலின் தலைக்கு மேலே போனது, பின்னால் நின்றவன் கோல் அடித்தான், அடுத்த மேட்சில் கோச் பயலை உட்கார வைத்தார், அவன் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டு இனி கிரவுண்டுக்கே போகமாட்டேன் என்கிறான். இதுவரைக்கும் சரி, பதினேழு வயசுப் பிள்ளை அப்படித்தான் இருப்பான். ஆனால் நீ அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது பார், அதுதான் என்னை எழுத வைத்தது. "நல்லதாப் போச்சு, இனி ஒழுங்கா கோச்சிங் கிளாஸுக்குப் போவான்" என்கிறாய். அவன் அழுதுகொண்டு படுத்திருக்கும் நேரத்தில் முடிவெடுக்காதே. ஒரு சீசன் பொறு. அதைத்தான் கேட்கிறேன்.

நீ எப்போதுமே ஃபார்வர்ட். பி.டி. சார் உன்னை ஒருநாள்கூட பின்னால் இறக்கியதில்லை. வெட்டவெளியில் நின்று பந்தை வானத்துக்கு அடித்துவிட்டு, அடுத்த நிமிஷம் "பாஸ் குடுலே" என்று கத்துவாய். யாரும் உன்னைத் திட்டியதில்லை. கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பருக்கு, உன் பயலுக்கு, அந்தச் சலுகை கிடையாது. அவன் பிழை நேராக வலைக்குள் போய் விழும், ஸ்கோர்போர்டிலும் ஏறிவிடும்.

நான் இருக்கும் இந்த ஊர்க்காரன் ஒருவனைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். பயலுக்கும் வாசித்துக் காட்டு. விக்டர் லிண்டெலோஃப். பெயர் தெரியும் உனக்கு, மான்செஸ்டர் யுனைடெட் சட்டையில் பார்த்திருப்பாய். நான் சொல்ல வருவது அந்தச் சட்டைக்கு முந்தின கதை, அப்புறம் அதைப் போட்ட முதல் சில மாசத்துக் கதை.

வெஸ்தெரோஸ் மேலரன் ஏரிக்கரையில் இருக்கிற தொழிற்சாலை ஊர். ஸ்டாக்ஹோமிலிருந்து மேற்கே 100 கிலோமீட்டர். ஏபிபி என்ற மின்சாதனக் கம்பெனி இருப்பதால் நம் ஆட்கள் நிறையப்பேர் இங்கே வேலைக்கு வருகிறார்கள், நான் வந்ததும் அப்படித்தான். இந்த ஊரின் பெருமை கால்பந்து இல்லை, பேண்டி. ஐஸ் தரையில் அணிக்குப் பதினோரு பேர் ஸ்கேட் கட்டிக்கொண்டு, மட்டையால் சின்னப் பந்தை அடித்து ஆடுவது. வெஸ்தெரோஸ் எஸ்கே என்றால் பழைய ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது பேண்டிக் கோப்பைகள்தான். அதே பெயர்க் கால்பந்து அணியில் விக்டர் முதல் ஆட்டம் ஆடும்போது அது மூன்றாம் அடுக்கில் கிடந்தது. அவனுக்கு 15 வயசு. 2010-இல் அந்த அணி டிவிஷன் ஒன்றை வென்று இரண்டாம் அடுக்குக்கு ஏறியது. 17 வயசில், 2011 முடிகிற நேரத்தில், போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து பென்ஃபிகா கிளப் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இதோடு கதை நல்லபடி முடிந்தது என்றுதானே நினைக்கிறாய்? அங்கே போய் அவன் முதல் அணியில் நிலையாக நிற்க நாலு வருஷம் ஆனது. 2013 அக்டோபரில் கோப்பை ஆட்டம் ஒன்றில், சின்ஃபாயிஷ் என்ற சின்ன அணிக்கு எதிராக இறக்கினார்கள். அதற்கப்புறமும் முதல் அணியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான். மீதி நாளெல்லாம் பென்ஃபிகா பி. ஆற்றுக்கு அந்தப்பக்கம் செய்ஷலில் இருக்கிற பயிற்சி வளாகம்தான் அவன் உலகம்.

இந்த பி அணி விஷயம் உனக்குப் புரியவேண்டும். போர்ச்சுகலில் பெரிய கிளப்புகளின் இரண்டாவது அணி பொடிப்பசங்களோடு ஆடுவதில்லை. நிஜமான இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறது. எதிரே நிற்பவன் முப்பது வயசுக்காரன், சம்பளத்துக்கு ஆடுகிறவன், முழங்கையை எங்கே வைக்கவேண்டும் என்று தெரிந்தவன். 22 அணிகள் இருந்த சீசனில் 42 ஆட்டம். மேலே இருக்கிற டிவிஷனுக்கு அந்த அணி ஏறவும் முடியாது, முதல் அணி அங்கே இருப்பதால். ஆக, ஸ்டாண்டில் கூட்டமும் இல்லாமல், ஏறுவோம் என்ற ஆசையும் இல்லாமல், வாராவாரம் கட்டாந்தரை ஆட்டம். ஒரு வாரம் ஸ்டாப்பர், மறு வாரம் வலது ஓரத்தில் தடுக்கிற ரைட் பேக், ஆள் இல்லையென்றால் நடுவிலும் நில் என்பார்கள். பின்னால் பெயர்பெற்ற பெர்னார்டோ சில்வா, கான்செலோ எல்லாம் அவனோடு அந்த அணியில் இருந்தவர்கள்தான். அவர்கள் ஒவ்வொருவராக வெளியே கிளம்பிப் போனார்கள். இவன் இருந்தான்.

எனக்கு இந்த வருஷங்கள்மேல்தான் மரியாதை மக்கா. அவன் ஆட்டத்தைப் பார்த்தால் தெரியும், ஓடி விழுந்து பந்தைப் பறிக்கிறவன் இல்லை. ரெண்டு அடி முன்னாலேயே போய் நின்றுவிடுவான். பந்து தானாக வந்து அவன் காலில் விழுவதுபோலத் தோன்றும். அந்தக் கணக்கு வகுப்பில் வராது, ஆடி ஆடித்தான் வரும்.

2015 ஜூன், பிராக். 21 வயசுக்கு உட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பை. ஸ்வீடனை யாரும் கணக்கில் வைக்கவில்லை. இறுதி ஆட்டம் போர்ச்சுகலோடு, அவர்கள் அரையிறுதியில் ஜெர்மனியை 5-0 என்று அடித்து நொறுக்கிவிட்டு வந்தவர்கள். விக்டர் ரைட் பேக். 120 நிமிஷம் கோலே இல்லை. பெனால்டியில் ஸ்வீடனின் நாலாவது அடி தடுக்கப்பட்டது. ஐந்தாவது அடிக்க நடந்து வந்தவன் இவன். முதல் அணியில் இடம் இல்லாத ஒரு பேக், கிளப்பில் தன்னோடு வளர்ந்த பெர்னார்டோ சில்வா எதிரணிச் சட்டையில் ஆடிய ஒரு ஃபைனலில்! அடித்தான், உள்ளே போனது, 4-3. அடுத்து வில்லியம் கார்வால்யோ அடித்ததை நம் கீப்பர் கார்ல்கிரென் பிடித்துவிட்டான். ஸ்வீடனுக்கு அந்தக் கோப்பை அதுதான் முதல் தடவை. ("நம் கீப்பர்" என்று கை தானாக எழுதிவிட்டது, இங்கேயே வருஷக்கணக்காக இருந்தால் அப்படித்தான்.)

கோப்பையோடு திரும்பிப் போனவனுக்கு உடனே இடம் கிடைத்ததா? இல்லை. மறுபடி பெஞ்ச். நவம்பரில் கேப்டன் லூயிசாவோவின் கை முறிந்தது, அப்புறம் இன்னொரு ஸ்டாப்பர் லிசாந்த்ரோவுக்கும் காயம். 2016 ஆரம்பத்தில் பயிற்சியாளர் ருய் விட்டோரியா இவனை இறக்கினார். அதன்பின் வெளியே எடுக்கமுடியவில்லை. மார்ச்சில் அதே ஊர்ப் போட்டிக் கிளப் ஸ்போர்ட்டிங்கை அவர்கள் மைதானத்திலேயே 1-0 என்று வென்றார்கள். பேயர்ன் மியூனிக்கோடு காலிறுதி, தோற்றார்கள், ஆனால் ரெண்டு ஆட்டமும் சேர்த்து ஒரே கோல் வித்தியாசம். கடைசியில் ஸ்போர்ட்டிங்கைவிட 2 புள்ளி கூடுதலாக எடுத்து லீக். அந்த மார்ச்சிலேயே ஸ்வீடன் தேசிய அணியில் இடம், ஜூனில் யூரோ கோப்பை, ஸ்வீடன் ஆடின மூன்று ஆட்டமும். அடுத்த வருஷம் மறுபடி லீக். 2017 ஏப்ரலில் அதே ஸ்போர்ட்டிங் மைதானத்தில் ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தான், யூடியூபில் இருக்கும், பயலிடம் காட்டு. சுவர் எகிறுகிறது, பந்து அதைத் தாண்டி வளைந்து மூலைக்குப் போகிறது. ஸ்டாப்பர் அடித்தது என்று நம்பமாட்டான்.

ஜூனில் மான்செஸ்டர் யுனைடெட். ஆரம்ப விலையே மூன்றரைக் கோடி யூரோ. பயிற்சியாளர் மொரீன்யோ.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

2017 அக்டோபர் 21, ஹடர்ஸ்ஃபீல்டு அணியோடு ஆட்டம். லீக்கில் அதுவரை ஒரே ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் மட்டும் இறங்கியிருந்தவன். 23-ஆவது நிமிஷத்தில் ஃபில் ஜோன்ஸுக்குக் காயம், இவனை இறக்கினார்கள். ஐந்து நிமிஷத்தில் ஒரு கோல் விழுந்தது. 33-ஆவது நிமிஷம்: எதிரணிக் கீப்பர் தன் பெட்டியிலிருந்து நீளமாக ஒரு அடி. பந்து மேலே போய் இறங்குகிறது. விக்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே முன்னால் வந்து எம்புகிறான். பந்து அவன் தலையைத் தொடாமல் பின்னால் போகிறது. கவர் கொடுக்க ஆள் இல்லை. எதிரணி ஃபார்வர்ட் டெப்வாத்ர் ஓடிப்போய் எடுத்து, யுனைடெட் கீப்பர் டி ஹெயாவைச் சுற்றிக் கொண்டுபோய், காலி வலையில் தட்டினான். 2-1 தோல்வி. ஹடர்ஸ்ஃபீல்டு யுனைடெட்டை வென்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இங்கிலாந்துப் பத்திரிகைகள் அந்த வாரம் இவனைக் கிழித்துத் தொங்கவிட்டன. இவ்வளவு காசு கொடுத்து இவனையா வாங்கினீர்கள் என்று.

பயலுக்கு நடந்ததும் இதேதான் மக்கா. அச்சு அசலாக இதே பிழை! நீ சொல்லும்போதே எனக்கு அந்த 33-ஆவது நிமிஷம்தான் கண்ணில் வந்தது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 10. உலகக்கோப்பைக்குப் போக இத்தாலியோடு பிளே ஆஃப். ஸ்வீடன் பயிற்சியாளர் யான்னே ஆண்டர்சன் இவனை எடுக்கவில்லை என்றால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எடுத்தார். கேப்டன் கிரான்க்விஸ்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஸ்வீடனின் சோல்னாவில் 1-0 என்று வென்றார்கள். மூன்றாம் நாள் மிலானில், சான் சீரோவில், எழுபதாயிரம் பேர் கத்த, இத்தாலிக்காரர்கள் ரெண்டு பக்கத்திலிருந்தும் கிராஸ் கிராஸாகப் போட்டார்கள். எல்லாம் அவன் அக்டோபரில் தவறவிட்ட அதே மாதிரி, மேலிருந்து இறங்குகிற பந்து. கிரான்க்விஸ்ட்டும் இவனும் தலையால் வெட்டி வெட்டி வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 0-0. 1958-க்குப் பிறகு முதல் தடவையாக இத்தாலி இல்லாத உலகக்கோப்பை. ஸ்வீடன் போனது, காலிறுதிவரை ஆடியது.

மூன்று வாரத்தில் அவன் புதுசாக எதையும் கற்றிருக்க முடியாது. செய்ஷலில் ஆடின அத்தனை ஆட்டமும் உடம்பில் இருந்தது, அவ்வளவுதான். ஒருத்தர் நம்பி மறுபடி இறக்கினார். பயலுக்கு அந்த ஒருத்தர் கோச் இல்லையென்றால் நீ.

இங்கே ஊர்க்காரர்கள் இவனைப் பற்றிப் பேசும்போது கால்பந்துக்கு முன்னால் வேறொன்றைச் சொல்வார்கள். 2020 ஆகஸ்டில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், தொண்ணூறு வயசுக் கிழவியின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவனைத் துரத்திப் பிடித்துப் போலீஸ் வரும்வரை அமுக்கி வைத்திருந்தான். போலீசே நன்றி சொன்னது. அப்புறம் ஸ்வீடனுக்கே கேப்டன் ஆனான்.

இனி செய்யவேண்டியது. கோச்சோடு சண்டைக்குப் போகாதே, உன்னைத் தெரியும். போய், பயல் எந்த இடத்தில் நின்றான், எங்கே நின்றிருக்கவேண்டும் என்று மட்டும் கேள். நீளப் பந்து வரும்போது முதல் அடி பின்னால் வைக்கவேண்டும், முன்னால் இல்லை. பின்னால் போனவன் முன்னால் வந்து எம்பலாம். முன்னால் வந்தவன் பின்னால் போக முடியாது. இதை நம் பி.டி. சாரே சொல்லிக் கொடுப்பார். சாயங்காலம் கடற்காற்று அடிக்கிற நேரத்தில் கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போ, நீயே நின்று உயர உயர அடித்துக்கொடு. பந்தை வானத்துக்கு அடிப்பதில் உனக்கு நிகர் யார்? அவன் கிளப் இறக்கவில்லையென்றால் ஊரில் செவன்ஸ் ஆடட்டும், பெரியவர்களோடு, இடி வாங்கட்டும். படிப்பையும் விடச்சொல்லவில்லை. ரெண்டும் நடக்கும், காலையில் கிளாஸ், சாயங்காலம் கிரவுண்டு. மைனி சம்மதிப்பாள், அவளிடம் நான் பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். போனைப் பயலிடம் கொடுத்துவிட்டு நீ வெளியே போய்விடு. அவன் பூட்ஸ் சைஸ் என்ன என்று இன்றைக்கே அனுப்பு, டிசம்பரில் ஊருக்கு வரும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன்.

என்றும் உன்,
செல்வா